கொல்கத்தாவின் பிறந்தநாளை எந்த வகையில் சேமிப்பது?

1690 ஆகஸ்ட் 24. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் ஹூக்ளிக் கரையில் சுதானுட்டியில் வந்து இறங்கிய நாள். வெகுகாலம் இதைத்தான் கொல்கத்தாவின் பிறந்தநாள் என்று சொல்லிவந்தார்கள். இது தவறு என்று 2001இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள் சபர்ண ராய் சௌதுரி குடும்ப மன்றத்தார். சுதானுட்டி, கலிகாதா, கோபிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1698 நவம்பரில் 1300 ரூபாய்க்குக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த பழைய ஜமீன் குடும்பம் அது. நீதிமன்றம் வரலாற்றறிஞர்கள் குழு ஒன்றிடம் அறிக்கை கேட்டது. 2003 மே 16 அன்று தீர்ப்பு வந்தது: சார்னாக்கை நிறுவனர் என்று சொல்ல முடியாது, இந்த நகரத்துக்குப் பிறந்தநாள் என்று ஒன்று கிடையாது.

வழக்கின் வரலாற்றுப் பக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தரவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிறவன் என்பதால் என் கவலை வேறு. கொல்கத்தாவைப் பற்றிய தகவல்களை ஒரு கிராஃப் டேட்டாபேஸில் ஏற்றுகிறோம். 'தொடங்கிய நாள்' என்ற இடம் வருகிறது. அங்கே என்ன போடுவது? அதைவிட முக்கியம், அதை எந்த வகையில் போடுவது?

கிராஃப் டேட்டாபேஸ் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தா ஒரு கணு. மேற்கு வங்கம் இன்னொரு கணு. இரண்டுக்கும் நடுவே 'தலைநகரம்' என்று ஒரு கோடு. இப்படிக் கணுக்களும் கோடுகளுமாகத் தகவலை வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. ஆனால் எல்லாமே கணு ஆகிவிடாது. மக்கள்தொகை, பின்கோடு, தேதி, ஊரின் பெயர் இவையெல்லாம் வெறும் மதிப்புகள். இவற்றை லிட்டரல் என்கிறோம்.

இந்த உலகத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ஆர்டிஎஃப் வழி. விக்கிடேட்டாவின் தேடல் சேவை, அப்பாச்சி ஜீனா எல்லாம் இந்தப் பக்கம். இன்னொன்று நியோ4ஜே போன்ற ப்ராப்பர்ட்டி கிராஃப் வழி. நியோ4ஜேயில் மதிப்பு கணுவின்மேலோ கோட்டின்மேலோ ஒரு பண்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்டிஎஃப்பில் லிட்டரல் கோட்டின் மறுமுனையில் உட்காரும், கோடு அங்கே முடிந்துவிடும். லிட்டரலிலிருந்து இன்னொரு கோடு கிளம்பாது. அதாவது '1690 ஆகஸ்ட் 24' என்ற மதிப்பைப் பற்றி மேற்கொண்டு எதையும் அந்த மதிப்பின்மேலேயே எழுதிவைக்க முடியாது. இந்த ஒரு கட்டுப்பாட்டிலிருந்துதான் பாதித் தலைவலி பிறக்கிறது.

ஆர்டிஎஃப் லிட்டரலுக்கு இரண்டு பாகம். ஒன்று எழுதப்பட்ட வடிவம், மற்றது அதன் தரவு வகை. எழுத்துவடிவம் '1690-08-24', வகை 'தேதி'. வகைகள் பெரும்பாலும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து கடன் வாங்கியவை. முழு எண், தசமம், தேதி, தேதியும் நேரமும், வருடம் மட்டும் என்று நீளும் பட்டியல் அது. 2014இல் வந்த ஆர்டிஎஃப் 1.1 ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: வகை இல்லாத லிட்டரல் என்று எதுவுமில்லை. நீங்கள் ஒன்றும் போடாவிட்டால் அது ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துச்சரம்.

சரி, பிறந்தநாளுக்கு வருவோம். தேதி என்ற வகையில் '1690-08-24' என்று போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மதிப்பே சரியில்லை. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் தேதி வகை கிரிகோரியன் நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுகிறது. சார்னாக்கின் கம்பெனிக்காரர்கள் எழுதியதோ ஜூலியன் தேதி. இங்கிலாந்தும் அதன் ஆட்சிப்பகுதிகளும் 1752 செப்டம்பரில்தான் கிரிகோரியனுக்கு மாறின. செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்றார்கள். 1690இல் இரண்டு நாட்காட்டிகளுக்கும் வித்தியாசம் 10 நாள். ஆகவே அந்த ஆகஸ்ட் 24, இன்றைய கணக்கில் செப்டம்பர் 3.

விக்கிடேட்டா இதை யோசித்துக் கட்டியிருக்கிறது. அங்கே ஒரு தேதியைப் பதியும்போது நாட்காட்டி எது என்பதும், துல்லியம் எவ்வளவு என்பதும் கூடவே பதிவாகும். 11 என்றால் நாள்வரை தெரியும், 10 என்றால் மாதம்வரை, 9 என்றால் வருடம் மட்டும், 7 என்றால் நூற்றாண்டு. லிட்டரல்மேல் எதுவும் ஒட்ட முடியாது என்றேனே, அதற்கு வழி நடுவில் ஒரு கணுவைப் போடுவது. கொல்கத்தாவிலிருந்து ஒரு கோடு அந்த நடுக்கணுவுக்குப் போகும். அதிலிருந்து மதிப்புக்கு ஒரு கோடு, துல்லியத்துக்கு ஒன்று, நாட்காட்டிக்கு ஒன்று. ஆதாரமும் இப்படியே.

ஆனால் எல்லோரும் நடுக்கணுவழியாகத் தேடுவதில்லை. சுருக்குவழியில் நேரே மதிப்பைக் கேட்கிறார்கள். அப்போது வருவது தேதியும் நேரமும் என்ற வகையில் ஒரே ஒரு லிட்டரல். நாள்வரை தெரிந்த ஜூலியன் தேதியாக இருந்தால் கிரிகோரியனுக்கு மாற்றித் தரும். ஆகஸ்ட் 24ஐத் தேடுகிறவர் கண்ணில் அது படாது. வருடம் மட்டுமே தெரிந்த பதிவு என்றால் 1690 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி என்று வந்து நிற்கும். யாரும் அப்படி ஒரு நாளைச் சொல்லவே இல்லை. துல்லியம் 9 என்ற குறிப்பு நடுக்கணுவிலேயே தங்கிவிட்டது. அந்த ஜனவரி 1ஐ எடுத்து 'இன்று பிறந்தநாள்' என்று அறிவிக்கிற செயலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றத் தீர்ப்பையே பதிய வேண்டுமானால்? அதற்கும் விக்கிடேட்டாவில் இடம் இருக்கிறது. 'மதிப்பு தெரியவில்லை' என்று ஒன்று, 'மதிப்பு இல்லை' என்று இன்னொன்று. முன்னது நாள் உண்டு, நமக்குத் தெரியாது என்று சொல்கிறது. பின்னது அப்படி ஒரு நாளே கிடையாது என்கிறது. 2003 தீர்ப்பு சொன்னது இரண்டாவதை. நியோ4ஜேயில் ஒரு பண்புக்கு 'நல்', அதாவது வெறுமை, என்று மதிப்பு கொடுத்தால் அந்தப் பண்பையே நீக்கிவிடும். தெரியவில்லை, இல்லை, இன்னும் யாரும் பதியவில்லை என்ற மூன்றும் அங்கே ஒன்றாகிப்போகும். வேறுபாடு வேண்டும் என்றால் தனியே இன்னொரு பண்பு வைத்து நீங்களேதான் சமாளிக்க வேண்டும். இந்த விஷயத்தில் விக்கிடேட்டாவின் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வரலாற்றுத் தரவில் கைவைக்கிற எவரும் அதைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

துல்லியம் என்றதும் இதே ஊரின் இன்னொரு பெயர் நினைவுக்கு வருகிறது, ராதாநாத் சிக்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பிறகு முக்கோண முக்கோணமாக வடக்கே போய் இமயமலையைத் தொட்டது. கணக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் கொல்கத்தாக்காரரான சிக்தார். 15ஆம் சிகரம் என்று எண்ணிட்டிருந்த மலையின் உயரத்தை 1856இல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். அதுதான் எவரெஸ்ட். சராசரி சரியாக 29,000 என்றே வந்தது, அப்படியே சொன்னால் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் 2 அடி சேர்த்தார்கள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை தொடுகிற சிக்கல் நிஜம். முழு எண் வகையில் '29000' என்று போட்டால் அது அளந்து வந்த 29,000ஆ, தோராயமாகச் சொன்ன 29,000ஆ என்று யாருக்கும் தெரியாது. அடியா மீட்டரா என்பதும் தெரியாது. விக்கிடேட்டாவில் அளவு என்ற வகைக்கு மேல்வரம்பு, கீழ்வரம்பு, அலகு மூன்றும் உண்டு. சிக்தார் காலத்தில் இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் 2 அடிக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

இனி அன்றாட விஷயம். கொல்கத்தாவின் எஸ்டிடி குறியீடு 033. சென்னைக்கு 044 போல. எங்களிடம் ஒருமுறை தரைவழித் தொலைபேசி எண்கள் அடங்கிய பெரிய கோப்பு ஒன்று வந்தது. குறியீட்டுக்கு முழு எண் வகை கொடுத்திருந்தார்கள். எல்லாம் 33 ஆகியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவரிடம் காட்டினேன். வங்காளிகள் வழக்கப்படி நானும் அவரைத் தாதா என்றுதான் கூப்பிடுகிறேன். "போன் நம்பரை யாராவது கூட்டுவாங்களா, கழிப்பாங்களா? அப்புறம் எதுக்கு அதுக்கு எண் வகை?" என்று கேட்டார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. பின்கோடும் அப்படித்தான். கொல்கத்தா ஜிபிஓவின் 700001ஐ யாரும் இரண்டால் பெருக்கப்போவதில்லை.

சுவாரசியம் என்னவென்றால், ஆர்டிஎஃப் விதிப்படி முழு எண் வகையில் '033', '33' இரண்டும் வெவ்வேறு லிட்டரல்கள். எழுதப்பட்ட வடிவம் வேறு. ஆனால் அவை குறிக்கும் மதிப்பு ஒன்றே. இந்த இடத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். பெரும்பாலான ஆர்டிஎஃப் சேமிப்புகள் ஒவ்வொரு லிட்டரலையும் ஓர் அகராதியில் ஒருமுறை எழுதிவைத்து, அதற்கு ஓர் அடையாள எண் கொடுத்து, மற்ற எல்லா இடத்திலும் அந்த எண்ணையே பயன்படுத்தும். எண்களுக்கும் தேதிகளுக்கும் அகராதிவரை போய்வருவது வீண்வேலை. அதனால் அப்பாச்சி ஜீனாவின் டிடிபி சேமிப்பில் சின்ன எண்ணாக இருந்தால் அந்த 64 பிட் அடையாளத்துக்குள்ளேயே மதிப்பை அடக்கிவிடுவார்கள். வேகம் கிடைக்கிறது. எழுதிய வடிவம் போய்விடுகிறது. உள்ளே '033' போட்டால் வெளியே '33' வரும். அது குறை என்று நான் சொல்லமாட்டேன். எண் என்று நீங்கள் சொன்னீர்கள், எண்ணாக நடத்தியது.

இதன் அண்ணன் தம்பிப் பிரச்சினை ஒன்று ஆர்டிஎஃப்பின் தேடல் மொழியான ஸ்பார்க்லில் உண்டு. முழு எண் 1, தசமம் 1.0 இரண்டையும் ஃபில்டரில் ஒப்பிட்டால் சமம் என்று வரும். அதையே தேடும் வடிவத்துக்குள் நேரடியாக எழுதினால் பொருந்தாது, ஏனென்றால் அங்கே பார்ப்பது லிட்டரலையே, மதிப்பை அல்ல. பதில் குறைகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

நேர மண்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் கொல்கத்தாவை விட்டு நகர முடியாது. இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள் நேர மண்டலத்துக்கு உள்ளே வைத்திருக்கும் பெயர் 'ஆசியா/கொல்கத்தா'. பழைய பெயரான 'ஆசியா/கல்கத்தா'வும் மாற்றுப்பெயராக இன்னும் உயிரோடு இருக்கிறது. சில பிரௌசர்கள் அதையே அனுப்புகின்றன. இரண்டையும் வெறும் ஸ்ட்ரிங்காகச் சேமித்தால், ஒரே நாட்டின் நேரம் இரண்டு மண்டலமாகப் பிரிந்து நிற்கும்.

இந்தப் பெயர்கள் வரும் நேர மண்டலப் பட்டியலில் கொல்கத்தாவின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். முதலில் உள்ளூர் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 53 நிமிடம் 28 விநாடி கூடுதல். அடுத்து 5 மணி 53 நிமிடம் 20 விநாடி. 1870இலிருந்து 1906 வரை 5 மணி 21 நிமிடம் 10 விநாடி, அது மதராஸ் நேரம். நம் ஊர் வானாய்வகத்தின் நேரத்தில்தான் இந்திய ரயில்கள் ஓடின என்பதன் தடம் அது. 1906 ஜனவரி 1 முதல் 5:30. கொல்கத்தா நகரமோ 1948 வரை தன் சொந்த நேரத்தையும் விடாமல் வைத்திருந்தது.

இப்போது 1900இல் கொல்கத்தா நேரப்படி நடந்த ஒரு நிகழ்ச்சியை 'தேதியும் நேரமும்' வகையில் பதியப் பாருங்கள். அந்த வகையில் கிரீன்விச்சிலிருந்து உள்ள வித்தியாசத்தை மணி, நிமிடம் என்றுதான் எழுத முடியும். விநாடிக்கு இடம் இல்லை. அந்தக் காலத்துக் கொல்கத்தா நேரமும் மதராஸ் நேரமும் அந்த வகைக்குள் அப்படியே அடங்காது. கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிப் பதியலாம், ஆனால் கடிகாரம் காட்டிய நேரம் போய்விடும். மண்டலமே இல்லாமல் பதியலாம், அப்படிப் பதிந்தால் மண்டலம் உள்ள இன்னொரு நேரத்தோடு எது முந்தியது என்று சில சமயம் ஒப்பிடவே முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி: மாற்றிய மதிப்பு ஒன்று, ஆவணத்தில் எழுதியிருந்தபடி ஒரு ஸ்ட்ரிங், இரண்டையும் ஒரு நடுக்கணுவில் சேர்த்து வைப்பது.

ரவீந்திரநாத் தாகூரின் பிறந்தநாளுக்கும் இதே வைத்தியம்தான். 1861 மே 7 என்று தேதி வகையில் போடலாம். வங்காளிகள் கொண்டாடுவது போய்ஷாக் 25ஐ. அது மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் மே 8 அல்லது 9இல் வரும்; பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொண்ட பங்களாதேஷில் மே 8. மாதமும் நாளும் மட்டும் என்று எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் ஒரு வகை உண்டு, அதிலும் போய்ஷாக்குக்கு இடமில்லை. நம் சித்திரை, வைகாசிக்கும் இல்லை. நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடுகிற வீட்டில் வளர்ந்த நமக்கு இது புரியச் சிரமமே இல்லை.

பெயர்களுக்கு வருகிறேன். ஆர்டிஎஃப்பில் மொழிக்குறியோடு வரும் லிட்டரல் தனி வகை. தமிழில் கொல்கத்தா, வங்காளத்தில் கொலகாதா, ஆங்கிலத்தில் இன்னொன்று. ஒரே கணுவிலிருந்து மூன்று கோடுகள். நகரத்தின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர் மாறியது 2001 ஜனவரி 1இல். எனவே பழைய பெயர் எதுவரை, புதிய பெயர் எதிலிருந்து என்பதும் நடுக்கணுவில் சேரும். உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் இன்றும் கல்கத்தா என்றே இருப்பதால், ஊர்ப்பெயர் மாறியதே என்று ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றுகிற வேலை கூடவே கூடாது.

அதைவிட நுட்பமான ஒன்று எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. கொல்கத்தா என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'கொ'. யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பிறகு ஒகர உயிர்க்குறி என்ற ஒரே குறியீடு. அல்லது 'க', பிறகு ஒற்றைக்கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியே. திரையில் இரண்டும் ஒன்றுதான். லிட்டரல்களை ஒப்பிடும்போது ஆர்டிஎஃப் குறியீடு குறியீடாகத்தான் பார்க்கும், ஆகவே இரண்டும் வேறு வேறு ஊர். யூனிகோடில் என்எஃப்சி என்று ஒரு சீர்வடிவம் உண்டு, லிட்டரல்கள் அந்த வடிவில் இருப்பது நல்லது என்று ஆர்டிஎஃப் பரிந்துரைக்கிறது. கட்டாயப்படுத்தவில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தத் தனித்தனிக் கொம்பும் காலும் வந்துவிட வாய்ப்பு அதிகம்.

என்எஃப்சி தமிழ் 'கொ'வில் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஹவுராவின் வங்காளப் பெயரில் அடியில் புள்ளி வைத்த ஓர் எழுத்து வரும். அதற்குத் தனிக் குறியீடு இருந்தும் என்எஃப்சி அதைப் பிரித்து, எழுத்து வேறு புள்ளி வேறு என்று ஆக்கிவிடும். பாலத்தின் இந்தப் பக்கம் சேர்க்கிறது, அந்தப் பக்கம் பிரிக்கிறது. 'சேர்ந்த வடிவம்தான் சரி' என்று மனக்கணக்காகத் திருத்தப் போகாதீர்கள். உள்ளே ஏற்றும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் என்எஃப்சி போடுங்கள், போதும்.

நியோ4ஜேக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே முழு எண், மிதவைப் புள்ளி எண், ஸ்ட்ரிங், தேதி, நேரம், காலஅளவு, புள்ளி என்று வகைகள் உண்டு. துல்லியமான தசம வகை கிடையாது. ரூபாய்க் கணக்கை மிதவை எண்ணில் வைக்காதீர்கள், பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்கள். ஆர்டிஎஃப்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் புவியியல் நீட்சியான ஜியோஸ்பார்க்லில் இருப்பிடத்தை எழுதும்போது தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு: 88.36, 22.57. மாற்றி எழுதினால் கொல்கத்தா ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போய்விடும். சென்னையும் ஸ்வால்பார்டுக்கு வடக்கே கடலில் கிடக்கும்.

கடைசியாக எனக்கு மிகவும் கவலை தருவது. தேதி வகையில் '1690-02-30' என்று யாராவது எழுதினால் என்ன ஆகும்? பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இல்லை. ஆனாலும் ஆர்டிஎஃப் விதிப்படி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், வேண்டுமானால் எச்சரிக்கலாம். பிறகு ஒருநாள் '1700க்கு முந்தியவை' என்று ஃபில்டர் போடுவீர்கள். அந்த மதிப்பை ஒப்பிட முடியாமல் பிழை வரும். பிழை செய்தியாக வராது, அந்த வரிசை மட்டும் சத்தமில்லாமல் பதிலிலிருந்து காணாமல்போகும். தரவு இருக்கிறது, கேட்டால் வராது. இதைத் தடுக்க 2017 முதல் ஷேக்ல் என்ற தரநிர்ணயம் இருக்கிறது. இந்தப் பண்புக்கு இந்த வகைதான், வடிவமும் செல்லுபடியாக வேண்டும் என்று எழுதி, ஏற்றும்போதே சோதித்துவிடலாம். நியோ4ஜேயின் புதிய பதிப்புகளிலும் பண்புக்கு வகைக் கட்டுப்பாடு போட முடிகிறது. இரண்டுமே அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் தரவு ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

இதைப் படிப்பவர்களில் கோயில், பள்ளி, நூலகம், அச்சகம் என்று நம் ஊர்த் தகவல்களை விக்கிடேட்டாவில் சேர்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருடம் மட்டும் தெரிந்தால் வருடம் மட்டும் போடுங்கள். கல்வெட்டிலோ அழைப்பிதழிலோ இருக்கும் தமிழ்த் தேதியை அப்படியே ஒரு குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள். இன்று உங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து, தொடங்கிய நாள் என்ற இடத்தில் யாராவது ஜனவரி 1 என்று நாள்வரை துல்லியமாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆதாரம் இல்லாமல் போட்டிருந்தால் துல்லியத்தை வருடத்துக்குக் குறைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.